லிங்க்கிலிருந்து பார்செக் வரை: நீள அலகுகளை மாற்றும்போது எங்கே இடறுகிறது?

கேள்வி இதுதான். நில அளவையில் வரும் லிங்க், செயின், ஃபர்லாங், மைல் ஒரு பக்கம். வானியல் அலகு, ஒளியாண்டு, பார்செக் இன்னொரு பக்கம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி மாற்றுவது? கால்குலேட்டர்கள் சில இலக்கங்களுக்குப் பிறகு ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது ஏன்?

மாற்றும் கணக்கு சின்னதுதான். எந்த அலகானாலும் முதலில் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போங்கள். செயினுக்கும் ஒளியாண்டுக்கும் நேரடியாக ஒரு பெருக்கெண் தேடி எடுத்தால், அதை யார் எங்கே முழுமையாக்கி எழுதினார்கள் என்பது தெரியாது. கால்குலேட்டர்கள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஒன்று ஒரு அடியை எடுத்துக்கொள்கிறது, மற்றது வேறொரு அடியை, ஒன்று 365 நாள் ஆண்டை, மற்றது 365.25 நாள் ஆண்டை. எனவே இந்தப் பதிலில் பாதிக்கு மேல், கையில் இருப்பது எந்த அலகு என்று கண்டுபிடிப்பது பற்றித்தான்.

முதலில் அடிப்படை எண்கள். இவை எதுவும் அளந்து பெற்றவை அல்ல, வரையறுத்து வைத்தவை. ஆகவே துல்லியக் குறைவு என்ற பேச்சே இல்லை.

1 அடி = 0.3048 மீட்டர் (1959 முதல் உள்ள சர்வதேச அடி)
1 லிங்க் = 0.66 அடி = 7.92 அங்குலம் = 0.201168 மீட்டர்
1 செயின் = 100 லிங்க் = 66 அடி = 20.1168 மீட்டர்
1 ஃபர்லாங் = 10 செயின் = 201.168 மீட்டர்
1 மைல் = 80 செயின் = 1609.344 மீட்டர்
ஒளியின் வேகம் = நொடிக்கு 29,97,92,458 மீட்டர்
1 வானியல் அலகு = 1,49,59,78,70,700 மீட்டர்
1 ஒளியாண்டு = 9,46,07,30,47,25,80,800 மீட்டர்
1 பார்செக் = 6,48,000 ÷ பை வானியல் அலகு, அதாவது 2,06,264.806 வானியல் அலகு, சுமார் 3.08567758 × 10¹⁶ மீட்டர்

ஒரு வானியல் அலகில் எத்தனை செயின்? 1,49,59,78,70,700-ஐ 20.1168-ஆல் வகுத்தால் 743.6464582 கோடி செயின். அதையே 80-ஆல் வகுத்தால் 9,29,55,807.27 மைல். இரண்டாவது எண் பல புத்தகங்களில் இருப்பதால் முதலாவதைச் சரிபார்க்க உதவும். ஒளியாண்டு 5.8786 லட்சம் கோடி மைல், பார்செக் 19.17 லட்சம் கோடி மைல். ஒரு பார்செக்கில் 3.26156 ஒளியாண்டு.

நட்சத்திரத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் உள்ளது பிராக்ஸிமா சென்டாரி. அதன் இடமாறு கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் கோணத்தில் பாதி, 0.768 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). 1-ஐ 0.768-ஆல் வகுத்தால் 1.302 பார்செக். 3.26156-ஆல் பெருக்கினால் 4.25 ஒளியாண்டு. 2,06,265-ஆல் பெருக்கினால் சுமார் 2,68,600 வானியல் அலகு. மைலில் சுமார் 25 லட்சம் கோடி. செயினில் வேண்டுமென்றால் இதை 80-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்; யாருக்கும் அது தேவைப்படாது என்றாலும் கணக்கு அதுதான்.

மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு மைலில் 63,360 அங்குலம். ஒரு ஒளியாண்டில் 63,241 வானியல் அலகு. இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 சதவீதம்கூட இல்லை. இது வெறும் தற்செயல், ஆனால் மிக வசதியான தற்செயல். இந்திய சர்வே துறையின் பழைய 'ஒரு அங்குலம் ஒரு மைல்' வரைபடத்தின் அளவுத்திட்டம் 1:63,360. அதேபோல் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு அங்குலம் என்று வைத்தால், ஒரு ஒளியாண்டு ஒரு மைல் ஆகிவிடும் (சரியாகச் சொன்னால் மைலுக்குப் பத்தடி குறைவு). நெப்டியூன் சூரியனிலிருந்து 30 அங்குலத்தில், அதாவது இரண்டரை அடியில் சுற்றும். பிராக்ஸிமா நாலேகால் மைலுக்கு அப்பால். சூரியனின் விட்டம் கால் மில்லிமீட்டர்கூட வராது. நீங்கள் மாற்றிய விடை இந்தப் படத்தோடு பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு பத்தின் அடுக்கு தவறியிருக்கிறது. லட்சம் கோடி, மில்லியன், பில்லியன் எல்லாம் கலந்து எழுதும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

இனி சிக்கலான பக்கம். முதலில் செயின்.

எட்மண்ட் கன்டர் 1620 வாக்கில் வகுத்த 66 அடிச் செயின்தான் மேலே உள்ள பட்டியலில் இருப்பது. இதன் அழகு பரப்புக் கணக்கில் தெரியும்: 10 சதுர செயின் ஒரு ஏக்கர். எனவே ஒரு ஏக்கர் 1,00,000 சதுர லிங்க், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க். ஆனால் 'செயின்' என்ற பெயரில் இன்னும் பல உண்டு. பொறியாளர் செயின் 100 அடி, 100 லிங்க், லிங்க் ஒன்று ஒரு அடி. ரெவின்யூ செயின் 33 அடி, அதில் 16 லிங்க் மட்டுமே, லிங்க் ஒன்று இரண்டடிக்குச் சற்று அதிகம். மெட்ரிக் செயின் 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் வரும். 20 மீட்டரில் 100 லிங்க், 30 மீட்டரில் 150 லிங்க், இரண்டிலும் லிங்க் 20 சென்டிமீட்டர்.

நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை (மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான நேர்கோடு) அளக்கத் தொடங்கினார். பின்னாளில் பெரும் முக்கோண அளவை என்று பெயர்பெற்ற வேலை அதிலிருந்துதான் வளர்ந்தது. அதற்குப் பயன்பட்ட எஃகுச் செயின் 100 அடி நீளம். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டரை அடி உள்ள 40 கம்பிகளால் ஆனது. ஆக, 'லிங்க்' என்றவுடன் நூறில் ஒரு பங்கு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் உண்மையில் காசு போகிற இடம் மெட்ரிக் லிங்க்கும் கன்டர் லிங்க்கும் குழம்பும் இடம். பழைய புலப்படத்தில் ஒரு வரப்பு 500 லிங்க் என்று இருக்கிறது. அது கன்டர் லிங்க் என்றால் 100.584 மீட்டர். படிக்கிறவர் மெட்ரிக் செயின் பழக்கத்தில் 0.2-ஆல் பெருக்கினால் 100 மீட்டர். ஒரு பக்கத்தில் 58 சென்டிமீட்டர் காணாமல் போகிறது. பரப்பில் இது இரட்டிப்பாகும்: ஒரு ஏக்கர் 4046.86 சதுர மீட்டருக்குப் பதில் 4000 ஆகிவிடும். ஏக்கருக்கு ஒரு சென்டுக்கு மேல் நஷ்டம். எந்த லிங்க் என்று ஐயம் வந்தால், அதே படத்தில் எழுதியுள்ள பரப்பை எடுத்து, பக்க அளவுகளிலிருந்து சதுர லிங்க்கில் கணக்கிட்டுப் பாருங்கள். 1,000-ஆல் வகுத்தால் சென்ட் கணக்கு பொருந்துகிறதா? பொருந்தினால் கன்டர் லிங்க்.

அடுத்தது அடி. எல்லா அடியும் 0.3048 மீட்டர் அல்ல. அமெரிக்காவில் 1893-இல் வந்த வரையறைப்படி 1 மீட்டர் = 39.37 அங்குலம், அதன்படி அடி 1200/3937 மீட்டர், அதாவது 0.3048006 மீட்டர். 1959-இல் சர்வதேச அடி வந்தபோது, நில அளவைக்கு மட்டும் பழையதை 'சர்வே அடி' என்று வைத்துக்கொண்டார்கள். 2022 இறுதியோடு அதைக் கைவிட்டாயிற்று, ஆனால் பழைய ஆவணங்களில் இருந்துகொண்டேதான் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்கு. ஒரு மனையை அளக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கலிஃபோர்னியாவின் மாநில ஆயத்தொலைவு முறையில் (ஒரு மூலப் புள்ளியிலிருந்து கிழக்கே, வடக்கே எவ்வளவு என்று இடத்தைக் குறிப்பது) கிழக்குத் தொடக்க எண், அதாவது மூலப் புள்ளிக்கே கொடுத்துள்ள கிழக்கு எண், 20,00,000 மீட்டர். சர்வே அடியில் அது 65,61,666.667, சர்வதேச அடியில் 65,61,679.790. தவறான அடியைத் தேர்ந்தால் கட்டடம் 13 அடி, அதாவது 4 மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். வானியல் பக்கம் இதே பிழையைக் கொண்டுபோனால் வானியல் அலகில் சுமார் 300 கிலோமீட்டர், ஒளியாண்டில் சுமார் 1.9 கோடி கிலோமீட்டர்.

நம் பக்கத்து அடி இன்னும் சுவாரசியம். இந்தியாவின் அளவை 'இந்திய அடி' என்ற ஒரு அடியில் நடந்தது. அதை மீட்டரோடு ஒப்பிட்ட மதிப்பு காலத்துக்குக் காலம் மாறியது: 1937 மதிப்பு 0.30479841 மீட்டர், 1962-இல் 0.3047996, 1975-இல் 0.3047995. இதன் விளைவை, நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் பூமிக்குக் கணித்த எலிப்சாய்டில் (துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டை வடிவம்) பளிச்சென்று பார்க்கலாம். பூமியின் நடுக்கோட்டு அரைவிட்டத்தை எவரெஸ்ட் 2,09,22,931.80 இந்திய அடி என்று கொண்டார். அந்த எண் மாறவே இல்லை. ஆனால் மென்பொருளில் தேடினால் எவரெஸ்ட் 1830 என்ற ஒரே பெயரின் கீழ் 63,77,276.345 மீட்டர், 63,77,301.243 மீட்டர், 63,77,299.151 மீட்டர் என்று மூன்று அரைவிட்டங்கள் வரும். புதியவர்கள் இதை மூன்று தனி எலிப்சாய்டு என்று நினைத்துத் திகைக்கிறார்கள். மேலே உள்ள மூன்று அடி மதிப்புகளாலும் அதே 2,09,22,931.80-ஐப் பெருக்கிப் பாருங்கள். மூன்றும் கச்சிதமாக வரும். பூமி மாறவில்லை, அடியின் மீட்டர் மதிப்புதான் மாறியது. 25 மீட்டர் வரை வித்தியாசம்.

கஜத்தில் உள்ள பழைய இந்தியக் கட்ட ஆயத்தொலைவு முறையிலும் இதே கதை. தென்னிந்தியாவுக்கான நான்காம் மண்டலத்தின் மூலப் புள்ளி 12 பாகை அட்சம், 80 பாகை தீர்க்கம். அங்கே கிழக்கு எண் 30,00,000 கஜம், வடக்கு எண் 10,00,000 கஜம். 1975 அடியில் கிழக்கு எண் 27,43,195.5 மீட்டர். 1937 அடியில் 27,43,185.69. இன்றைய கஜமான 0.9144-ஆல் பெருக்கினால் 27,43,200. சென்னை இந்தத் தீர்க்கத்துக்கு அருகிலேயே இருப்பதால், பழைய வரைபடத்தில் படித்த கஜ எண்ணை 0.9144-ஆல் பெருக்கி, 1975 வரையறையில் உள்ள மென்பொருளில் உள்ளிட்டால் புள்ளி நாலரை மீட்டர் கிழக்கே நகர்ந்திருக்கும். 1937 வரையறை என்றால் 14 மீட்டர். இலங்கையின் பழைய கட்டத்தில் மூலப் புள்ளி பிதுருதலாகலை மலை. தொடக்க எண்கள் இரண்டும் 1,76,000 கஜம், அதாவது நேராக 100 மைல். அங்கே இந்திய கஜத்தின் 1937 மதிப்பு, மீட்டரில் 1,60,933.56. 0.9144-ஆல் பெருக்கினால் 84 சென்டிமீட்டர் பிழை. தொடக்க எண் சிறியதாக இருப்பதால் தப்பும் சிறியது. வெறும் நீளத்தை மாற்றும்போது இந்த அடி வேறுபாடு பொருட்டல்ல. தொலைதூர மூலத்திலிருந்து எண்ணிய ஆயத்தொலைவை மாற்றும்போதுதான் கடிக்கும்.

வானியல் பக்கத்திலும் இப்படிப்பட்ட இரட்டை மதிப்புகள் உண்டு. ஒளியாண்டில் வரும் 'ஆண்டு' ஜூலியன் ஆண்டு: 365.25 நாள், நாள் ஒன்று 86,400 நொடி. பள்ளிக் கணக்கில் 365 நாள் என்று போட்டால் கால் நாள் ஒளிப்பயணம் விட்டுப்போகும். அது 43 வானியல் அலகு, நெப்டியூனைத் தாண்டிய தூரம். விகிதத்தில் பத்து லட்சத்தில் 684 பங்கு. நாட்காட்டி ஆண்டான 365.2425 என்று போட்டால் பிழை 648 நொடி ஒளிப்பயணம், ஒன்றேகால் வானியல் அலகுக்குச் சற்று மேல். 9.454, 9.4605, 9.4607 லட்சம் கோடி கிலோமீட்டர் என்று மூன்று விதமாக ஒளியாண்டைப் பார்த்திருந்தால் காரணம் இதுதான். 9.4607 சரி.

வானியல் அலகு 2012 வரை வரையறுத்த எண்ணாக இல்லை. சூரியனின் ஈர்ப்பைக் குறிக்கும் காஸ் மாறிலி என்ற எண் வழியாக வரையறுத்து, மீட்டரில் எவ்வளவு என்று அளந்துவந்தார்கள். 2012-இல் பெய்ஜிங்கில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் அதை 1,49,59,78,70,700 மீட்டர் என்று நிலைநிறுத்தியது. பழைய கோள் நிலை அட்டவணைகளில் கடைசி மூன்று இலக்கம் 691 என்று இருக்கும். 9 மீட்டர் வித்தியாசம். விண்கலம் செலுத்துகிறவர்களைத் தவிர யாரும் கவலைப்பட வேண்டாம். பார்செக்கிலும் ஒரு நுணுக்கம்: பழைய பாடநூல் வரையறை ஒரு விகலையின் டேன்ஜெண்டைக் கொண்டது, 2015 வரையறை வில் அளவைக் கொண்டது. வித்தியாசம் 242 கிலோமீட்டர், 30 லட்சம் கோடி கிலோமீட்டரில். மறந்துவிடலாம்.

ஆனால் 2,06,265 என்ற எண்ணை மறக்கக் கூடாது. பாலிடெக்னிக்கில் சர்வே படித்தவர்களுக்கு இது பழகிய எண். லெவல் கருவியின் குமிழிக் குழாய் எவ்வளவு நுட்பமானது என்று கணக்கிடும் சூத்திரத்தில் வருவது இதுதான்: ஒரு ரேடியனில் உள்ள விகலைகளின் எண்ணிக்கை. பார்செக்கில் உள்ள வானியல் அலகுகளின் எண்ணிக்கையும் இதுவே, ஏனென்றால் கணக்கு ஒன்று. ஒரு வானியல் அலகு நீளம் ஒரு விகலைக் கோணமாகத் தெரியும் தூரம் ஒரு பார்செக்.

தியோடலைட்டோடு (கோணம் அளக்கும் கருவி) சப்டென்ஸ் பார் பயன்படுத்தியவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு மீட்டர் நீளமுள்ள பாரை எதிர் நிலையத்தில் கிடையாக வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளக்கிறோம். தூரம் 100 மீட்டர் என்றால் கோணம் 1 பாகை 8 கலை 45 விகலை. கோணத்தில் ஒரு விகலை தவறினால் தூரத்தில் 2.4 சென்டிமீட்டர் பிழை. 200 மீட்டரில் அதே ஒரு விகலைக்குப் பிழை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு: 9.7 சென்டிமீட்டர். தூரத்தின் வர்க்கத்தோடு பிழை வளர்கிறது. நட்சத்திரத்தில் பார் என்பது பூமியின் சுற்றுப்பாதை. வர்க்க விதி அப்படியே பொருந்தும். 10 மில்லி விகலை இடமாறு கோணத்தில் 1 மில்லி விகலை ஐயம் என்றால் தூரம் 100 பார்செக். ஆனால் அது 91-க்கும் 111-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். இந்த இடைவெளி இரு பக்கமும் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். தலைகீழாக்குவதால் வருவது அது.

இதில் இரண்டு பிழைகள் வழக்கமாக நடக்கின்றன. ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரம் நகர்ந்த முழுக் கோணத்தையும் இடமாறு கோணமாக எடுத்துக்கொள்வது ஒன்று. அந்த ஆறு மாதத்தில் பூமி நகர்ந்தது இரண்டு வானியல் அலகு. கோணத்தில் பாதிதான் கணக்கில் சேரும். விட்டுவிட்டால் தூரம் பாதியாகிவிடும். இன்னொன்று, கையா விண்கலத்தின் பட்டியல் இடமாறு கோணத்தை மில்லி விகலையில் தருகிறது. பிராக்ஸிமாவுக்கு 768 என்று இருக்கும். 1-ஐ 768-ஆல் வகுத்துவிட்டு 'பார்செக்' என்று எழுதினால் நட்சத்திரம் ஆயிரம் மடங்கு கிட்டே வந்துவிடும். 1000-ஐ வகுக்க வேண்டும்.

நில அளவையும் வானியலும் ஒரே ஆளின் மேசையில் இருந்த காலம் உண்டு. ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை 1838-இல் நம்பத்தகுந்த விதத்தில் முதலில் அறிவித்த ஜெர்மன் வானியலாளர் பெஸல், அதே ஆண்டுகளில் கிழக்கு பிரஷ்யாவில் முக்கோண அளவையும் நடத்தினார். அவர் பெயரில் ஒரு எலிப்சாய்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு அவர் கண்ட கோணம் 0.314 விகலை, சுமார் 10.4 ஒளியாண்டு. இன்றைய மதிப்பு 0.286 விகலை, 11.4 ஒளியாண்டு. 0.028 விகலை தவறியதற்கு முழுசாக ஒரு ஒளியாண்டு.

வானியல் அலகின் கிலோமீட்டர் மதிப்பும் வெகுகாலம் சர்வேயர்களின் கையைத்தான் எதிர்பார்த்திருந்தது. சூரியனிலிருந்து பார்த்தால் பூமியின் அரைவிட்டம் எவ்வளவு கோணமாகத் தெரியும் என்பதே வானியலாளர்கள் தேடிய எண். அரைவிட்டம் 6378.140 கிலோமீட்டர், கோணம் 8.794148 விகலை என்று போட்டு வகுத்தால் 14.959787 கோடி கிலோமீட்டர் கிடைக்கும். அரைவிட்டத்தைக் கொடுத்தது நில அளவை. அந்தக் கோணத்தைப் பிடிக்கத்தான் 1769-இல் வெள்ளி சூரியனைக் கடந்த நேரத்தைப் பல நாடுகளில் பதிவு செய்தார்கள். அதற்கென்றே புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தீலை மேகம் ஏமாற்றிவிட்டது. 1930-31-இல் ஈராஸ் என்ற குறுங்கோளை வைத்துக் கண்ட கோணம் 8.790 விகலை. 1961-இல் வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளந்தபோது, முந்தைய தூரம் 70 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிகை என்று தெரிந்தது. அன்றிலிருந்து பூமியின் அரைவிட்டம் இந்தக் கணக்கில் தேவைப்படவில்லை. இன்று மீட்டரே ஒளியின் வேகத்தால் வரையறுக்கப்பட்டது என்பதால், லிங்க்கும் பார்செக்கும் ஒரே மூலத்தில்தான் நிற்கின்றன.

எத்தனை இலக்கம் எழுதுவது? பெருக்கெண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், உள்ளே போகும் அளவின் தரத்தைத் தாண்டி விடை தராது. வெயிலில் எஃகு டேப் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 30 மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். பத்து லட்சத்தில் 115 பங்கு. அந்த டேப்பால் அளந்துவிட்டு, சர்வே அடியா சர்வதேச அடியா என்று இரண்டு பங்குக்கு விவாதிப்பது வீண். டேப் வேலைக்கு நாலு இலக்கம், இடமாறு கோணம் மூன்று இலக்கத்தில் இருந்தால் தூரமும் மூன்று இலக்கம். வரையறுத்த எண்களை மட்டும் இடையில் வெட்டாமல் முழுசாக வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்.

கணினியில் செய்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். எக்செல்லின் கன்வெர்ட் ஃபங்ஷனில் ஒளியாண்டு உண்டு, பார்செக் உண்டு, அமெரிக்க சர்வே மைலும் தனியாக உண்டு. வானியல் அலகும் செயினும் கிடையாது. மேலே உள்ள எண்களை ஒரு கலத்தில் எழுதிவைத்து அதைக் குறிப்பிடுவதே நல்லது. நிரலில் 32 பிட் மிதவைப் புள்ளி எண் (float) பயன்படுத்தினால், வானியல் அலகு அளவில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே 16 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். சூரியக் குடும்பத்தைத் திரையில் வரையும்போது கோள்கள் துள்ளுவது இதனால்தான். 64 பிட் என்றால் ஒளியாண்டு தூரத்திலும் 2 மீட்டர்தான் இடைவெளி, பிராக்ஸிமா தூரத்தில் 8 மீட்டர். போதும். ஆனால் இரண்டு நட்சத்திரங்களின் மீட்டர் ஆயத்தொலைவுகளைக் கழித்து அருகிலுள்ள ஒரு கோளின் இடத்தைத் தேடாதீர்கள். அதற்கு அந்த நட்சத்திரத்தையே மூலமாக வைத்து வானியல் அலகில் கணக்கிடுங்கள்.

பரப்பும் கனஅளவும் வந்தால் பெருக்கெண்ணையும் வர்க்கமாக்க, கனமாக்க வேண்டும். சூரியனைச் சுற்றிய ஒரு கன பார்செக்கில் இத்தனை நட்சத்திரம் என்ற எண்ணைக் கன ஒளியாண்டுக்கு மாற்ற 3.26-ஆல் வகுத்தால் தப்பு, 34.7-ஆல் வகுக்க வேண்டும். சதுர லிங்க்கிலிருந்து சதுர மீட்டருக்கு 0.201168 அல்ல, 0.0404686.